வெள்ளிக்கிழமைக்குச் சிவப்புப் பூசப் போனேன்

2007 டிசம்பர் 13, வியாழன், காலை ஒன்பதரை மணி. ஷார்ஜா விமான நிலையத்தின் சுங்க மேசையில் என் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நான்கு சேலைகள், ஒரு டப்பா சாத்தூர் சேவு, அதற்கடியில் அட்டைக் குழாயில் சுருட்டி வைத்த அச்சு ஃபிலிம் ஒன்று. அதிகாரி ஃபிலிமை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பன்னிரண்டு கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. எழுத்தோ படமோ எதுவும் இல்லை. இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஃப்ரைடே" என்றேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், வாயில்தான் வராது. அவர் என்னையும் ஃபிலிமையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேவு டப்பாவை மோந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நானும் என் கணவரும் சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிறோம். இருபத்திரண்டு வருடமாகப் பிழை பார்க்கும் வேலை என்னுடையது. நான் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். புஜைராவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் காஜா பாய் பதினொரு வருடமாக எங்கள் வாடிக்கையாளர். வரும் ஆண்டுக்கென்று ஆயிரத்து ஐந்நூறு காலண்டர் கேட்டிருந்தார். பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில், மேலே பள்ளிவாசல் படம், கீழே அரபியிலும் தமிழிலும் கடைப் பெயர். அரபி எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் பூதக்கண்ணாடி வைத்து அந்த எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக மூன்று தடவை ஒப்பிட்டேன். அந்தப் பெருமையிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

அரபி சரியாகத்தான் வந்தது. ஆனால் வளைகுடாவில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. போன வருடம்வரை அது சிவப்பாகத்தான் இருந்தது. இந்த வருடம் கம்ப்யூட்டரில் புதிதாக வடிவமைத்தபோது உள்ளூர்க் காலண்டரை எடுத்து மாற்றியிருக்கிறார்கள். வெள்ளி கறுப்பு, ஞாயிறு சிவப்பு என்று ஆகிவிட்டது. அது என் கண்ணில் படவே இல்லை. ஞாயிறு சிவப்பாக இல்லாவிட்டால்தான் சிவகாசிக்காரியின் கண்ணுக்கு உறுத்தும்.

பெட்டியைப் பிரித்த அன்றே காஜா பாய் போன் செய்தார். "தங்கச்சி, காலண்டர் வந்து சேந்துச்சு. ரொம்ப அழகா இருக்கு. ஒரே ஒரு சங்கதிதான். எங்க வெள்ளிக்கிழமைய நீங்க எடுத்துக்கிட்டீங்க." அவர் ஏசியிருந்தால்கூடத் தேவலை. ஒரு கட்டட கம்பெனி தன் தொழிலாளர் கேம்ப்புகளுக்கெல்லாம் அடுத்த வருட மளிகையை அவரிடம் வாங்குவதாகப் பேசியிருந்தது. ரூமுக்கு ஒரு காலண்டர் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். 15ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு கம்பெனி வண்டி வரும். "லீவு நாளே தப்பா போட்டவன் அரிசிய சரியா நிறுப்பான்னு எப்புடிம்மா நம்புவாங்க?" என்றார். அந்த ஒப்பந்தத்தை நம்பி அவர் இரண்டாவது கடைக்கு முன்பணம் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

புதிதாக அச்சடித்து அனுப்ப நாள் போதாது. அங்கே மிஷினில் ஏற்றித் திருத்தலாம் என்றால் மேலும் கீழும் தகரப் பட்டி அடித்தாயிற்று. தகரம் அடித்த தாள் எந்த மிஷினிலும் போகாது. மிச்சம் இருந்தது கைவேலை ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டும் பட்டை போட்ட ஃபிலிமைக் கொண்டுபோய், அங்கேயே கையால் சிவப்பு அடிப்பது. "நீதான ஓகே போட்ட. நீயே போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார் என் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தவிர, 2004இல் அச்சு மிஷின் கண்காட்சிக்காக நாங்கள் இருவரும் ஜெர்மனி போய் வந்ததிலிருந்து, இனி விமானம் ஏறுவதில்லை என்று அவர் சத்தியமே செய்திருந்தார். காஜா பாய் நாலு நாளில் விசிட் விசா எடுத்து அனுப்பினார்.

விமான நிலையத்திலிருந்து டாக்ஸி ஸ்டாண்டுக்கு முப்பது திர்ஹம். அங்கிருந்து புஜைராவுக்குப் பகிர்வு வண்டியில் ஆளுக்கு இருபத்தைந்து. அன்றைய விலைக்கு ஒரு திர்ஹம் ஏறக்குறைய பத்தே முக்கால் ரூபாய். ஓட்டுநர் ஒரு பட்டாணியர். பெண் என்பதால் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, "பைட்டோ பெஹன், யல்லா" என்றார்; உட்காரு, போகலாம் என்கிறார் என்று புரிந்தது. எனக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். நூற்றிருபது கிலோமீட்டரையும் அந்த ஒரு சொல்லை வைத்தே சமாளித்தேன். தைத் என்ற ஊரைத் தாண்டும்வரை மணல். அதற்குப் பிறகு புல் பூண்டு இல்லாத, எரிந்த செங்கல் நிறத்து மலைகள். மசாஃபி சந்தையில் வண்டி நின்றபோது அவரே தன் காசில் எனக்கொரு ஆரஞ்சுப் பழம் வாங்கித் தந்தார். அதற்கும் அச்சா சொன்னேன்.

மலைகள் வந்ததும் கைப்பையிலிருந்த முப்பது பக்கப் பிரதியை எடுத்தேன். ஜெர்மனி போனபோது எங்கள் குழுவின் பேருந்து தெற்கே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் நின்றது. அந்த ஊரின் பெயரை நான் உச்சரித்தால் அவர்கள் வருத்தப்படுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அங்கிருந்த அருங்காட்சியகத்தில் ஒரு மர அச்சு எந்திரமும் பழைய காலண்டர் தாளும் இருந்தன. காலண்டர் முன்னால் நகராமல் நின்ற என்னைப் பார்த்து, அங்கே வேலை செய்த அம்மா ஆங்கிலத்தில் இருந்த ஒரு கட்டுரையை நகலெடுத்துத் தந்தார். முன்னூற்றைம்பது வருடத்துக்கு முன் அந்த ஊரில் நகர அச்சகராக இருந்த பார்பரா என்ற பெண்ணைப் பற்றியது அது. ஷார்ஜாவுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன்.

நகர அச்சகர் என்றால் நகர சபையே நியமித்து வைத்துக்கொள்ளும் அச்சுக்காரர். குடியிருக்க வீடு, குளிருக்கு விறகு, கொஞ்சம் சம்பளம். அதற்குப் பதிலாகச் சபை சொல்வதையெல்லாம் அடித்துத் தர வேண்டும். ரொட்டி என்ன எடை இருக்க வேண்டும், வைக்கோல் பரணுக்கு விளக்கோடு போகக் கூடாது, கொள்ளை நோய்க் காலத்தில் வெளியூர்க்காரரை வீட்டில் சேர்க்கக் கூடாது, இப்படி. கல்யாண வாழ்த்து, பணக்காரர் வீட்டு இழவுக்குப் பாதிரியார் சொன்ன உரை, பள்ளிக்கூடப் பாடம் எல்லாம் தனி வருமானம். இழவு உரையைக்கூடச் சபையின் ஆள் படித்துப் பார்த்து அனுமதி தந்த பிறகுதான் அடிக்க முடியும். சோறு போட்டது என்னவோ காலண்டர்தான். அந்த வரியை வாசித்தபோது எனக்கு அவள் பக்கத்துத் தெருக்காரி ஆகிவிட்டாள்.

பார்பராவின் கணவர் காய்ச்சலில் இறந்தபோது அவளுக்கு ஐந்து பிள்ளைகள். அந்தக் காலத்து வழக்கப்படி விதவை தொழிலைத் தொடரலாம். ஆனால் சீக்கிரமே ஓர் அச்சுத் தொழிலாளியை மணந்து அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஒரு வருடம் அவகாசம் தருகிறோம் என்றது சபை. அவள் பதினெட்டு வருடம் ஓட்டினாள். வருடா வருடம் விறகு குறைகிறது என்று சபைக்கு மனு எழுதியிருக்கிறாள். மனுக்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றனவாம். அவள் அடித்த ஒரு தாளில்கூட அவள் பெயர் கிடையாது. இன்னாரின் விதவை அச்சிட்டது என்று இறந்தவரின் பெயர்தான் இருக்கும். எனக்குப் படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. எங்கள் காலண்டரின் அடியிலும் என் மாமனார் பெயர்தான் இருக்கிறது என்பது சற்றுப் பொறுத்து நினைவுக்கு வந்தது.

வேலையைப் பற்றியும் நிறைய இருந்தது. மைக்கு ஆளி விதை எண்ணெயைக் காய்ச்ச வேண்டும். தீப்பிடிக்கும் என்று அதை ஊர் மதிலுக்கு வெளியேதான் செய்வார்கள். பிசுக்குப் போகக் கொதிக்கும் எண்ணெயில் ரொட்டித் துண்டுகளைப் போட்டு எடுப்பார்கள். பொரிந்த ரொட்டியை வேலைக்காரர்கள் சாராயத்தோடு தின்று தீர்ப்பார்கள். எங்கள் ஆயுத பூஜை மாதிரி அவர்களுக்கு அது ஒரு திருநாள். எந்திரத்துக்கு இரண்டு பேர் தேவை, ஒருவர் தோல் பந்தால் எழுத்துகளில் மை ஒற்ற, இன்னொருவர் கைப்பிடியை இழுக்க. அந்தத் தோலை மென்மையாக்க எதில் ஊற வைத்தார்கள் என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. சிவப்பு வேண்டுமென்றால் அதே தாளுக்கு இன்னொரு தடவை இழுக்க வேண்டும்.

அவளுக்கும் காலண்டரில் ஒரு தவறு நேர்ந்தது. அப்போது அந்த ஊர் பழைய கணக்கில் நாள் எண்ணியது. ஆற்றுக்கு அக்கரையில் புதிய கணக்கு. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். சொந்தபந்தம் இரு கரையிலும் இருந்ததால் அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தாள். ஒரு வருடம் மாட்டுச் சந்தையின் சிவப்பு, பக்கத்துப் பத்தியில் விழுந்துவிட்டது. அக்கரைக்காரர்கள் பத்து நாள் முன்னதாகவே மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சபை அவளைக் கூப்பிட்டு விட்டது. அவள் சாக்குச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் காலண்டரைத் திருப்பிக் கொண்டுவரும்படி தமுக்கடிக்கச் செய்து, மாட்டுத் தலை செதுக்கிய கட்டையால் ஒவ்வொரு தாளிலும் சரியான நாளில் தன் கையால் குத்திக் கொடுத்தாள். அருங்காட்சியகத்தில் இருந்த தாளில் அந்த மாடு கோணலாக, ஒரு கொம்பு மறுநாள் மேல் ஏறி நின்றது. அன்று அதைப் பார்த்துச் சிரித்தேன். மலைப்பாதையில் அந்தப் பக்கங்களை மறுபடி படித்தபோது அவள்மேல் பெரிய மரியாதை வந்தது. வீட்டு வாசலில் நின்ற அத்தனை பேர் முகத்தையும் அவள் பார்த்திருக்கிறாள்.

பகல் ஒரு மணிக்குப் புஜைரா. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், கடலில் எண்ணெய்க்காகக் காத்திருக்கும் கப்பல்கள். காஜா பாய் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மொதல்ல சாப்பிடுங்க. பசியோட மன்னிப்புக் கேட்டா அது சரியா வராது" என்றார். அவர் மனைவி நெய்ச்சோறும் கறியும் ஆக்கி, எனக்குக் கறி ஆகுமோ ஆகாதோ என்று சந்தேகத்துக்குப் பருப்பும் வைத்திருந்தார். நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

மாலை நான்கு மணிக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குப் போனோம். அங்கே அறந்தாங்கி செல்வராசு, தொழிலாளர்களின் மேல்சட்டையில் கம்பெனிப் பெயரை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடிக்கிறவர். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதன் வழியாக ரப்பர் கட்டையால் மையை இழுப்பது, அவ்வளவுதான் தொழில். அவருடைய முதலாளி வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஷெட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். செல்வராசு என் ஃபிலிமைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "அக்கா, வெள்ளிக்கிழமை மேல நம்பரு தெரியுற மாதிரி செவப்புப் பட்டை போட்டுறலாம். ஞாயித்துக்கிழமை செவப்ப மறைக்கணும்னா வெள்ளை அடிச்சு, அதுமேல கறுப்பு எழுத்து அடிக்கணும். தாளுக்கு மூணு இழுப்பு. ஆயிரத்தஞ்ஞூறுக்கு ஆவுமா?" ஆக வேண்டும் என்றேன். "சரி, பாப்போம்" என்றார். ஞாயிறுக்கு வேண்டிய ஃபிலிமைக் காலண்டரைப் பார்த்து அவரே எடுத்துக்கொண்டார்; அன்று மாலையே மூன்று சட்டமும் தயாராகிவிட்டன.

14ஆம் தேதி, வெள்ளி, காலை ஆறு மணி. ஷெட்டுக்கு முன்னால் எட்டு பேர் நின்றார்கள். எல்லோரும் பக்கத்து கேம்ப்பில் இருக்கும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். காஜா பாய் கடையில் சாமான் வாங்குகிறவர்கள். ஆறு நாள் கம்பி கட்டிவிட்டுத் தூங்கக் கிடைக்கும் ஒரே காலை அது. "பாய் சொன்னாரு, கை வேணும்னு. வந்தோம்" என்றார் கமுதிக்காரர் மாரிமுத்து. சேவு டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

இரண்டு மேசை போட்டோம். ஒருவர் தாளை வைக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் எடுத்து மாட்ட. தகரப் பட்டியில் தொங்கவிட வளையம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஷெட்டின் குறுக்கே கட்டிய கயிறுகளில் கம்பிக் கொக்கி கொக்கியாகக் காலண்டர் தொங்கியது. முதல் ஒன்பது தாளில் சிவப்பு பாதி வியாழக்கிழமை மேல் விழுந்தது. தாளை முட்டி வைக்க மேசையில் ஒட்டிய மூலை அட்டையை நானே அளந்து வைத்திருந்தேன், அதுதான் தப்பு. "விடுங்கக்கா, இந்த ஒம்போது பேருக்கு ரெண்டு நாள் லீவு" என்றார் செல்வராசு. எல்லோரும் சிரித்தார்கள். அட்டையை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினேன். பத்தாவது தாளில் வெள்ளிக்கிழமை சிவந்தது.

பதினொன்றரைக்கு ஜும்மாவுக்காக வேலை நின்றது. காஜா பாய் தொழுதுவிட்டு வரும்போது ஒரு தாம்பாளம் நிறைய பிரியாணி கொண்டுவந்தார். தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம்; எனக்கு மட்டும் தனித் தட்டும் ஸ்பூனும் தந்து மரியாதை செய்தார்கள். இரண்டரை மணிக்கு வெள்ளிக்கிழமைகள் முடிந்தன. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொரு தாள். செல்வராசு சட்டத்தைக் கழுவி, வெள்ளை மையைக் கலக்க ஆரம்பித்தார். இன்னும் இரண்டு இழுப்பு பாக்கி. காலைக்குள் முடியுமா என்று நான் மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். எப்படிப் பார்த்தாலும் அது முடிகிற கணக்காகத் தெரியவில்லை.

மாரிமுத்து கயிற்றில் இருந்து ஒரு காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அக்கா, இப்ப எதுக்கு வெள்ளை?"

"ஞாயித்துக்கிழமைய மறைக்கணுமே. அதுதான தப்பு" என்றேன்.

"மறைக்காதீக. அது இருக்கட்டும்."

"இங்க அன்னைக்கு லீவு இல்லையே, தம்பி."

"எங்களுக்கு இல்லைக்கா. பிள்ளைகளுக்கு லீவு." அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வெள்ளிக்கிழமை காலையில நமக்கு ஓய்வு, பிள்ளைக பள்ளிக்கூடத்துல கெடக்கும். சாயங்காலம் போட்டா லைனே கெடைக்காது, கல்ஃபே மொத்தமா போன் போடுது. ஞாயித்துக்கிழமை சைட்டுல சாப்பாட்டு நேரத்துல போட்டாத்தான் ரெண்டும் வீட்டுல இருக்கும். இங்க எல்லா நாளும் ஒரே மாதிரி போகுது, எது ஞாயிறுன்னே தெரிய மாட்டேங்குது. ரெண்டு தடவை திங்கக்கிழமை போட்டுட்டேன். சின்னவ அழுதான்னு சொன்னாக."

கயிற்றடியில் நின்ற இன்னொருவரும், "ஆமாக்கா, விட்டுருங்க" என்றார். நான் ஞாயிறைச் சிவப்பாக்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதை ஒரு நிறமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் காஜா பாயைப் பார்த்தேன். ஒப்பந்தம் அவருடையது, முன்பணம் அவருடையது. கம்பெனிக்காரர் முன்னால் நிற்கப் போகிறவரும் அவர்தான். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கயிற்றில் தொங்கிய ஒரு காலண்டரைத் தொட்டுப் பார்த்தார். "கலாஸ், முடிஞ்சுது. அந்த வெள்ளை மைய மூடி வைங்க செல்வராசு. காலண்டர் மாட்டப் போறது இவுங்க ரூம்புலதான" என்றார்.

15ஆம் தேதி, சனி, காலை பத்து மணி. கம்பெனியின் ஸ்டோர்கீப்பர் வண்டியோடு வந்தார். மலையாளி, கண்ணாடி போட்ட கறார் மனிதர். கட்டைப் பிரித்து ஒரு காலண்டரை எடுத்ததுமே, "இது எந்தா பாய், ரெண்டு லீவு? தொழிலாளி ஞாயிறாழ்ச்ச வேலைக்கு வராட்டி நீ வருமோ?" என்று கேட்டார். காஜா பாய் என்மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. வெள்ளிக்கிழமை பட்டையைக் காட்டி, "இது நமக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமையைக் காட்டி, "இது ஊருல இருக்குற பிள்ளைங்களுக்கு. போன் போடுறதுக்கு" என்றார். ஸ்டோர்கீப்பர் ஜனவரி மாதத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கட்டுகளை ஏற்றச் சொன்னார். ஒன்றை மட்டும் தனியாகச் சுருட்டித் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வண்டி போனதும் நான் இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பைக் கேட்டேன். "அடுத்த வருசமும் ரெண்டையும் செவப்பாவே போட்டுருங்க தங்கச்சி" என்றார் காஜா பாய். அவர் மனைவி எனக்கு இரண்டு கிலோ பேரீச்சம்பழம் கட்டிக் கொடுத்தார். செல்வராசுவிடம் விடைபெறப் போனால், "அடுத்த தடவ மூலை அட்டைய நான் அளக்குறேன்" என்றார். எட்டுப் பேரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர்கள் டூட்டிக்குப் போயிருந்தார்கள்.

16ஆம் தேதி, ஞாயிறு. திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில், திருநெல்வேலி வழியாகப் பேருந்து மாறி மாறி வந்தேன். கோவில்பட்டியில் சிவகாசி வண்டிக்காகக் காத்திருந்தபோது மணி ஒன்றரை. வளைகுடாவில் பகல் பன்னிரண்டு. பேருந்து நிலையத்தை ஒட்டிய போன் கடை முன்னால் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். போன் அடித்தது. கடைக்காரர் எடுத்து, "உங்களுக்குத்தாம்மா, துபாய்" என்று நீட்டினார். அவள் வாங்குவதற்குள் சின்னப் பெண் எட்டிப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டது. "அப்பா, இன்னைக்கு எங்களுக்கு லீவு. உங்களுக்கு?" என்று கேட்டது.